போதை மீட்பு மையத்தின் தரத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது?

(இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வரவேற்பறை

வணக்கம். ஒரு போதை மீட்பு மையத்தின் தர மதிப்பீட்டுப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 30 படுக்கை, கூடவே வெளிநோயாளிப் பிரிவு. பெரும்பாலும் குடிநோய்தான், ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகை) நோயாளிகளும் கணிசமாக வருகிறார்கள். ஆறு மாதத்தில் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்கிறது நிர்வாகக் குழு.

கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, 120 கேள்விகள் கொண்ட செக்லிஸ்ட். வருடா வருடம் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுகிறது. இன்னொன்று, விளம்பரத் தாளில் அச்சாகும் "85 சதவீத வெற்றி".

எதை அளப்பது, எந்தக் கருவியை எடுப்பது, மாற்றம் நிஜமாகவே நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொதுவான அறிவுரைகள் நிறையப் படித்தாயிற்று. செய்முறை வேண்டும்.

பகுதியெண்

அந்த 85-லிருந்தே ஆரம்பியுங்கள். இப்படிப்பட்ட எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு:

உதவி கேட்டு 100 பேர் போன் செய்கிறார்கள். 70 பேருக்குத் தேதி தரப்படுகிறது. அந்தத் தேதியில் 45 பேர் வருகிறார்கள். 38 பேர் அட்மிட் ஆகிறார்கள். 24 பேர் சிகிச்சைக் காலத்தை முழுதாக முடித்துவிட்டு வீடு போகிறார்கள். ஆறு மாதம் கழித்து அழைத்தால் 13 பேர் போனை எடுக்கிறார்கள். அதில் 11 பேர் "தொடவே இல்லை" என்கிறார்கள்.

13-இல் 11 என்றால் 85 சதவீதம். சிகிச்சையை முடித்தவர்களில் பார்த்தால் 46. அட்மிட் ஆனவர்களில் 29. உதவி கேட்டவர்களில் 11. நான்கு எண்ணுமே உண்மை. மையமும் ஒன்று, மாதமும் ஒன்று. போனை எடுக்காத மற்ற 11 பேரைப் பற்றி 85 எதுவும் சொல்லவில்லை. திரும்பக் குடிக்கத் தொடங்கியவர்கள்தான் அழைப்பைத் தவிர்க்க அதிக வாய்ப்பு.

அதனால் எந்த விளைவு எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: எத்தனை பேரில் என்ற பகுதியெண், அவர்களில் எத்தனை பேரைத் திரும்பத் தொடர்புகொள்ள முடிந்தது என்ற விகிதம். இரண்டாவது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விளைவை விளம்பரப்படுத்துவதை நிறுத்திவிட்டு, ஃபாலோ-அப்பைச் சரிசெய்யுங்கள். அட்மிஷன் அன்றே மூன்று பேருடைய தொடர்பு எண்கள், யாரிடம் என்ன சொல்லலாம் என்பதற்கு நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், 30-ஆம் நாளும் 90-ஆம் நாளும் இடையில் ஓர் அழைப்பு. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று அழைத்தால் எண்ணே மாறியிருக்கும். அழைப்பவர் அந்த நோயாளியின் கவுன்சலராக இருக்கக் கூடாது. "நான் திரும்பக் குடிக்கிறேன்" என்று தன் கவுன்சலரிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இன்னொன்று. "குடித்தாரா, இல்லையா" என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கிலாந்தில் பயன்படுத்தும் டிஓபி படிவம் 20 கேள்விதான். கடந்த 28 நாட்களில் எத்தனை நாள் பயன்படுத்தினார், வேலை, உடல்நலம், வீடு எல்லாம் அதில் வந்துவிடும். 28 நாளும் குடித்தவர் 4 நாளாகக் குறைத்திருந்தால் அது தோல்விக் கணக்கில் சேரக் கூடாது.

இரவு ஷிஃப்ட்

உங்கள் 120 கேள்வியில் "விலகல் அறிகுறிகள் கண்காணிக்கப்படுகின்றனவா?" என்று ஒன்று நிச்சயம் இருக்கும். விலகல் என்பது போதையை நிறுத்தியதும் உடல் படும் பாடு. டிக்கும் இருக்கும். இப்போது ரெக்கார்டு ரூமுக்குப் போய் மது டீடாக்ஸ் (குடியை நிறுத்தி உடலைத் தெளியவைக்கும் கட்டம்) கேஸ் ஷீட் கடைசி 20-ஐ எடுங்கள். மது விலகலின் கடுமையை அளக்கும் சீவா அளவுகோல் தாளைத் திறந்து வையுங்கள். 10 அம்சம், அதிகபட்சம் 67 மதிப்பெண். பார்க்க வேண்டியவை:

நேரம் 10:00, 2:00, 6:00 என்று பிசகாமல் விழுந்திருக்கிறதா? ஒரே நர்ஸ் ஒரே நிமிடத்தில் எட்டுப் படுக்கையைப் பார்க்க முடியாது. 2:10, 2:25, 2:40 என்று இருந்தால்தான் நம்பலாம்.

மூன்று நேரத்துக்கும் ஒரே மதிப்பெண், ஒரே பேனா, ஒரே சாய்வு. காலையில் உட்கார்ந்து ஒரேயடியாக நிரப்பியது.

மொத்தம் மட்டும் இருக்கிறது, நடுக்கம், வியர்வை, குமட்டல் கட்டங்கள் காலி. மதிப்பெண் 14 என்று இருக்கிறது, பக்கத்தில் மருந்துக் குறிப்பு இல்லை. அல்லது மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்த பதிவு இல்லை.

மதிப்பெண் 5, ஆனால் வைட்டல்ஸ் தாளில் நாடித்துடிப்பு 118. சீவாவில் நாடியும் ரத்த அழுத்தமும் சேராது, அதனால் இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

கடைசியாக, அட்மிஷன் தாளில் "கடைசியாகக் குடித்த நேரம்" எழுதியிருக்கிறதா? அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள். டெலிரியம், அதாவது கடும் மனக்குழப்பம், 48 முதல் 96 மணி நேரத்துக்குள். கணக்கு தொடங்குவது அட்மிஷன் நேரத்திலிருந்து அல்ல, கடைசிக் குடியிலிருந்து. விடுமுறைக்கு முந்தைய நாள் அட்மிட் ஆனவருக்கு ஆபத்தான இரவுகள் ஆள் குறைந்த ஷிஃப்டில் போய் விழும். டூட்டி ரோஸ்டரையும் அட்மிஷன் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி குளுக்கோஸுக்கு முன்னால் போயிற்றா என்பதையும் அதே தாளில் பார்த்துவிடலாம்.

கடப்பாரை

இதைப் பார்த்ததும் நர்ஸுக்கு மெமோ போகும். வேறென்ன நடக்கும்?

இரவு ஷிஃப்ட்

போகக் கூடாது. போலிப் பதிவுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கு இருக்கும். ஒருவரை ஒழுங்காகப் பார்க்க 5 நிமிடம் என்றால் 12 பேருக்கு ஒரு மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஷிஃப்டில் இரண்டு, மூன்று மணி நேரம் இதற்கே போய்விடும். மருந்து கொடுப்பது, புது அட்மிஷன், சண்டை விலக்குவது எல்லாம் மிச்ச நேரத்தில்.

தீர்வு: 20-ஆம் நாளில் இருப்பவருக்கெல்லாம் சீவா வேண்டாம். விலகல் ஆபத்துக் காலத்தில் உள்ளவர்களுக்கு மட்டும். அவர்களை நர்ஸ் மேசைக்குப் பக்கத்துப் படுக்கைகளுக்கு மாற்றுங்கள். முன்பு வலிப்பு அல்லது டெலிரியம் வந்தவர்களுக்குப் படுக்கைத் தலைமாட்டில் ஒரு நிற அட்டை. வேலை பாதியானால் பதிவு தானாக உண்மையாகும். மெமோ போனால் அடுத்த மாதம் 2:10, 2:25, 2:40 என்று அழகாகப் போலி எழுதுவார்கள், அவ்வளவுதான்.

வரவேற்பறை

அப்படியானால் செக்லிஸ்டையே தூக்கிப் போட்டுவிடலாமா?

அடித்தளம்

வேண்டாம். அது அளப்பது வேறு. டொனபீடியன் 1966-இல் மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்தார்: கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. உங்கள் செக்லிஸ்ட் முழுக்கக் கட்டமைப்பு. உரிமம், தீயணைப்பான், அவசர மருந்து, தகுதியுள்ள பணியாளர், புகார்ப் பெட்டி. இவை இல்லாவிட்டால் ஆபத்து. இருப்பதால் மட்டும் சிகிச்சை நன்றாக நடக்கிறது என்று ஆகாது. ஐஎஸ்ஓ மாதிரி சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும். "எழுதி வைத்தபடி செய்கிறாயா" என்று கேட்பார்கள். எழுதி வைத்தது நல்ல சிகிச்சையா என்பது வேறு கேள்வி.

செக்லிஸ்டை 30 வரியாகச் சுருக்குங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகமும் சேர்ந்து வெளியிட்ட சர்வதேச சிகிச்சைத் தரநிலைகள் இருக்கின்றன. 2016-இல் களச் சோதனைக்காக வந்து, 2020-இல் திருத்திய பதிப்பு வந்தது. அதை ஒட்டி வரிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் "ஆம்/இல்லை" வேண்டாம். "எந்த ஆதாரத்தைப் பார்த்தீர்கள்?" என்று ஒரு நெடுவரிசை போடுங்கள். புகார்ப் பெட்டி இருக்கிறதா என்பதற்குப் பதில்: கடைசியாக எப்போது திறந்தார்கள், சாவி யாரிடம், எத்தனை சீட்டு இருந்தது, அதில் எத்தனைக்குப் பதில் போனது. டிக் அடிக்கும் கை அங்கே கொஞ்சம் நிற்கும்.

செயல்முறையை அறிய மிக மலிவான வழி நடந்து பார்ப்பது. போதைச் சிகிச்சை மையங்களைச் சீர்படுத்தும் நயாடெக்ஸ் முறையில் இதுதான் முதல் படி. இரண்டு பேர்: ஒருவர் நோயாளியாக, ஒருவர் குடும்பத்தினராக. அதில் ஒருவர் இயக்குநராகவோ முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவராகவோ இருந்தே ஆக வேண்டும். வெளியில் இருந்து மையத்தின் எண்ணுக்கு அழைப்பதில் தொடங்கி, வழி கேட்டு வந்து சேர்ந்து, காத்திருந்து, எல்லாப் படிவத்தையும் தன் கையால் நிரப்பி, பை சோதனைக்கு நின்று, பரிசோதனை முடித்து, படுக்கை வரை போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மணி பார்த்துக் குறிப்பது, அப்போது மனசில் என்ன ஓடியது என்பதையும் குறிப்பது.

கடப்பாரை

நாடகம். இயக்குநர் வருகிறார் என்று தெரிந்தால் காபி கூட வரும்.

அடித்தளம்

பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒளிந்து சோதிப்பது இதன் நோக்கமே இல்லை. முகம் மாறலாம். ஆனால் முகவரியை ஐந்து படிவத்தில் ஐந்து முறை கேட்பது, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை போனை யாரும் எடுக்காதது, "டாக்டர் இரண்டு நாள்தான் வருவார், அன்றைக்கு வாருங்கள்" என்ற பதில், ஹாலில் எல்லோர் காதிலும் விழும்படி "என்ன போதை, எத்தனை வருஷம்" என்று கேட்பது இதெல்லாம் இயக்குநர் வருகிறார் என்பதற்காக மாறாது. அவை கட்டட அமைப்பிலும் படிவத்திலும் ரோஸ்டரிலும் ஊறிக் கிடப்பவை. விலகல் நடுக்கத்தோடு வருகிறவர் 14 பக்கம் நிரப்ப வேண்டும் என்பதை இயக்குநர் தன் கையால் நிரப்பிப் பார்த்த பிறகு வாதமே தேவைப்படாது.

பகுதியெண்

நடந்து பார்த்தபின் எண்களுக்கு வாருங்கள். ஐந்து போதும், அதற்கு மேல் போனால் அளப்பதே வேலையாகிவிடும்.

1. முதல் அழைப்பிலிருந்து முதல் சிகிச்சை வரை எத்தனை நாள். நடுவில் நடக்கும் பதிவு, விவரம் கேட்பது சிகிச்சை ஆகாது. சராசரி வேண்டாம், இடைநிலை எடுங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். 60 நாள் காத்த ஒருவர் சராசரியைக் கெடுத்துவிடுவார். கூடவே இன்னொரு விரைவுச் சோதனை: இன்று கேட்டால் கிடைக்கும் மூன்றாவது காலி நேரம் எப்போது? முதல் காலி யாரோ ரத்து செய்ததால் கிடைத்த அதிர்ஷ்டமாக இருக்கலாம். மூன்றாவது பொய் சொல்லாது.

2. தேதி வாங்கி வராதவர்கள்.

3. தொடர்ச்சி. அமெரிக்கக் காப்பீட்டு அளவீடான ஹெடிஸ், நோய் கண்டறிந்த 14 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கியதா, அதன்பின் 34 நாட்களுக்குள் மேலும் இரண்டு சேவையாவது கிடைத்ததா என்று பார்க்கிறது. வெளிநோயாளிப் பிரிவுக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம், அல்லது முதல் அமர்வுக்கு வந்தவர்களில் நான்காவதுக்கு வந்தவர்கள் என்று எளிதாக்கலாம்.

4. உள்நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி 7 நாட்களுக்குள் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தாரா. 30 படுக்கை மையங்கள் பெரும்பாலும் அளக்காத எண் இதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஃபாலோ-அப்புக்கு வரவும்" என்று எழுதிக் கொடுப்பது ஏற்பாடு ஆகாது. தேதி, நேரம், யாரைப் பார்க்க வேண்டும் என்பது இருக்க வேண்டும். படுக்கையில் இருக்கும்போதே அந்த வெளிநோயாளிக் கவுன்சலர் ஒருமுறை வந்து முகம் காட்டியிருக்க வேண்டும்.

5. மருத்துவ ஆலோசனைக்கு மாறாகக் கிளம்பியவர்கள், வெளியேற்றப்பட்டவர்கள். எத்தனையாவது நாள் என்பதோடு. மூன்றாம் நாளில் குவிந்தால் விலகல் மருந்து போதவில்லை. பத்தாம் நாளுக்கு மேல் குவிந்தால் நாள் முழுக்க என்ன நடக்கிறது என்ற அட்டவணையைப் பாருங்கள்; சும்மா உட்கார வைத்திருப்பார்கள்.

ஐந்தையும் வாரம் ஒரு புள்ளியாகக் கோட்டு வரைபடத்தில் போட்டு, நடுவே இடைநிலைக் கோடு ஒன்றை இழுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது. தொடர்ந்து ஐந்து புள்ளி ஏறினாலோ இறங்கினாலோ அதுவும் கணக்கு. மற்றபடி "போன மாதம் 62, இந்த மாதம் 66" என்று நிர்வாகக் குழுவில் கைதட்டு வாங்குவதில் பொருளில்லை; சின்ன எண்ணிக்கையில் அது வெறும் தற்செயல் ஏற்ற இறக்கம்.

வரவேற்பறை

இவ்வளவையும் செய்தால் நிஜமாகவே நகருமா? எங்காவது நகர்ந்திருக்கிறதா?

அடித்தளம்

நயாடெக்ஸ் அமெரிக்காவில் 2003-இல் தொடங்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் குஸ்டாஃப்சன் தலைமை. குறி நான்கே: காத்திருப்பைக் குறை, வராமல் போவதைக் குறை, அட்மிஷனைக் கூட்டு, தொடர்ச்சியைக் கூட்டு. ஆரம்பத்தில் சேர்ந்த மையங்களைப் பற்றிய 2007 ஆய்வில் முதல் தொடர்பிலிருந்து சிகிச்சை வரையான நாட்கள் 19.6-லிருந்து 12.4 ஆகக் குறைந்தன. முதல் அமர்வுக்கு வந்தவர்களில் இரண்டாவதுக்கு வந்தவர்கள் 72 சதவீதத்திலிருந்து 85 ஆனார்கள். இதற்குப் பெரிய பணம் தேவைப்படவில்லை என்பதுதான் அதில் முக்கியம்.

பிறகு 5 மாநிலங்களில் 201 கிளினிக்கை வைத்து, எந்த வகை உதவி பலிக்கிறது என்று சீரற்ற முறையில் பிரித்துப் பார்த்தார்கள். மாதாந்திரக் கூட்டழைப்பு மட்டும் கிடைத்த குழு பின்தங்கியது. தனிப்பட்ட பயிற்றுநர் ஒருவர் தொடர்ந்து கூட இருந்து வழிகாட்டிய குழு, எல்லா உதவியும் கிடைத்த குழுவுக்கு ஏறக்குறைய ஈடு கொடுத்தது, செலவும் குறைவு. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம்: பயிலரங்குக்கு ஆள் அனுப்பும் காசில், மாதம் ஒருமுறை வந்து வரைபடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஒரு வெளியாளை ஏற்பாடு செய்யுங்கள்.

கடப்பாரை

இவ்வளவு நல்லது என்றால் எண்ணுக்குக் காசு கட்டினால் முடிந்ததே? இலக்கை எட்டினால் போனஸ்.

பகுதியெண்

அங்கேதான் கவனம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் 2002-இல் வெளிநோயாளிச் சிகிச்சை ஒப்பந்தத்தை அப்படி மாற்றியது. எத்தனை சதவீத இடம் நிரம்புகிறது, நோயாளிகள் எவ்வளவு தூரம் தொடர்ந்து வருகிறார்கள் என்பதற்கு ஏற்ப மாதத் தொகை. இடம் நிரம்புவது 2001-இல் 54 சதவீதமாக இருந்து 2006-இல் 95 ஆனது. எப்படிச் சாதிப்பது என்பதை மையங்களிடமே விட்டார்கள்; நேரத்தை நீட்டினார்கள், மையத்தை வசதியான இடத்தில் வைத்தார்கள்.

மெய்ன் மாநிலத்தின் அனுபவம் நேரெதிர். செயல்திறன் ஒப்பந்தம் வந்தபின் அந்த மையங்களில் மிகக் கடுமையான நோயாளிகளின் பங்கு குறைந்தது. கடினமான கேஸைக் கதவருகிலேயே வடிகட்டினால் விளைவு தானாக நன்றாகிவிடும், இல்லையா? ஆகவே எந்த இலக்கு வைத்தாலும் கூடவே ஒரு காவல் எண் வையுங்கள்: அட்மிட் ஆனவர்களின் கடுமை மதிப்பெண். உதாரணமாக, குடிநோய்க்கு ஆடிட் படிவம், 10 கேள்வி, 40 மதிப்பெண். அட்மிஷனில் இதன் இடைநிலை மாதா மாதம் இறங்கிக்கொண்டே வந்தால் மையம் முன்னேறவில்லை, ஆளைப் பொறுக்கி எடுக்கிறது.

மருந்துச்சீட்டு

இவ்வளவு நேரம் போனும் படிவமும் பேசினீர்கள். ஓபியாய்டு நோயாளிகள் வருகிறார்கள் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. அவர்களுக்கு மிக முக்கியமான தர எண் ஒன்றே ஒன்று: ஏக்கத்தையும் விலகலையும் அடக்கும் தொடர் மருந்துகளான மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபினில் எத்தனை பேர் தொடர்கிறார்கள்?

டீடாக்ஸ் மட்டும் செய்து, தொடர் மருந்து இல்லாமல் அனுப்பும் மையம் ஆபத்தான மையம். சில வாரத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் உயிராபத்து மிகுந்தவை. "28 நாள் முடித்தார்" என்று நீங்கள் வெற்றிக் கணக்கில் எழுதியவர் அந்தக் காலத்தில் இறந்திருந்தாலும் உங்கள் ரெஜிஸ்டருக்குத் தெரியாது.

கேஸ் ஷீட்டில் பார்க்க வேண்டியவை: தொடர் டோஸ் எவ்வளவு? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியில் மெத்தடோனுக்குப் பொதுவாக நாளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம், புப்ரெனார்ஃபினுக்குச் சராசரியாகக் குறைந்தது 8 மில்லிகிராம். எல்லோருக்கும் 30-இலோ 4-இலோ நின்றிருந்தால் டாக்டர் பயப்படுகிறார், அல்லது மையத்தில் எழுதப்படாத உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. அந்த அளவில் ஏக்கம் அடங்காது, வெளியே வாங்குவார்கள், "இவருக்கு மருந்து ஒத்துவரவில்லை" என்று முடிவு கட்டுவார்கள். புப்ரெனார்ஃபின் தொடங்கும் முன் விலகல் மதிப்பெண் பதிவாகியிருக்கிறதா என்பதும் பாருங்கள். அவசரப்பட்டுத் தொடங்கினால் மருந்தே விலகலைக் கிளப்பிவிடும், நோயாளி அடுத்த நாள் வர மாட்டார். ஓபியாய்டு அளவு மீறினால் உயிர் காக்கும் நலாக்ஸோன் டிஸ்சார்ஜ் பையில் போனதா, வீட்டாருக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார்களா?

அப்புறம் ஒழுங்கு நடவடிக்கை வெளியேற்றம். சிறுநீர்ச் சோதனையில் பாசிட்டிவ் வந்தது என்று வெளியே அனுப்புவது, நோயின் அறிகுறி தெரிந்ததற்காக நோயாளியைத் துரத்துவது. ஸ்ட்ரிப் சோதனை என்பது முதல்கட்ட வடிகட்டல்தான், தவறான பாசிட்டிவ் வரும். உறுதிப்படுத்தும் ஆய்வகச் சோதனை இல்லாமல் அதை வைத்து யார் மேலும் நடவடிக்கை கூடாது. பாசிட்டிவ் வந்த ஒவ்வொரு கேஸிலும் அடுத்த 48 மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். டோஸை மறுபரிசீலனை செய்தார்களா, அமர்வைக் கூட்டினார்களா, திட்டினார்களா? அந்த ஒரு பதிலிலேயே மையத்தின் குணம் தெரிந்துவிடும்.

வரவேற்பறை

மனநோயும் சேர்ந்து வருகிறவர்களை "இங்கே பார்ப்பதில்லை" என்று திருப்பி அனுப்புகிறோம். அதை எப்படி மதிப்பிடுவது?

மருந்துச்சீட்டு

டிடிகேட் கருவி இதற்கென்றே உண்டானது. 35 அம்சம், 7 பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. 1 என்றால் போதைக்கு மட்டுமான சேவை, 3 என்றால் இரண்டையும் சமாளிக்கும் திறன், 5 என்றால் இரண்டுக்கும் முழுச் சிகிச்சை. வெளியாள் ஒரு முழு நாள் வந்து, ஆவணம் படித்து, பணியாளர்களிடமும் நோயாளிகளிடமும் பேசி, சூழலைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். சொந்தமாகப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தாராளமாகத்தான் விழும்.

முதலிலேயே 5-க்குத் தாவாதீர்கள். 1-லிருந்து 3-க்குப் போக அதிகச் செலவில்லாத படிகள் இருக்கின்றன: அட்மிஷனில் எல்லோருக்கும் ஒரே மனநல முதற்கட்டப் பரிசோதனைக் கேள்வித்தாள், தற்கொலை எண்ணம் பற்றிய நேரடிக் கேள்வி, மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை வர எழுத்துப்பூர்வ ஏற்பாடு, "நிலையாக இருப்பவர்களை மருந்தோடு ஏற்போம்" என்று அட்மிஷன் விதியில் ஒரு வரித் திருத்தம். சில மையங்கள் மனநல மாத்திரையையே "அதுவும் போதைதான்" என்று நிறுத்தச் சொல்கின்றன. டிடிகேட்டில் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

சாய்வு நாற்காலி

பணியாளர் பக்கம் யாரும் போகவில்லையே. கவுன்சலர் வருடத்துக்கு இரண்டு முறை மாறினால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. யார் கிளம்பினார்கள் என்பதோடு, அவரிடம் இருந்த நோயாளிகளில் எத்தனை பேர் அடுத்த மாதம் வந்தார்கள் என்றும் எண்ணுங்கள். அதைப் பார்த்தால்தான் நிர்வாகம் சம்பளம் பற்றிப் பேச உட்காரும்.

மாற்றத்துக்கு மையம் தயாரா என்று பார்க்க ஓஆர்சி கேள்வித்தாள் இருக்கிறது, டெக்ஸாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் உருவானது. மாற்றத்துக்கான உந்துதல், வளம், பணியாளர் திறன், அமைப்பின் சூழல் என்று பார்க்கும். மதிப்பெண் 10 முதல் 50 வரை, 30 நடுநிலை. பெயர் எழுதாமல் நிரப்பவும், மூடிய உறையில் போடவும் வையுங்கள். ஐந்து பேர் மட்டுமே உள்ள பிரிவில் "பதவி", "அனுபவ வருடம்" என்று கேட்டாலே யார் என்று தெரிந்துவிடும்; அந்தக் கட்டங்களை எடுத்துவிடுங்கள். இயக்குநர் மதிப்பெண்ணும் பணியாளர் மதிப்பெண்ணும் எங்கே அதிகம் விலகுகின்றன என்பதைத்தான் படிக்க வேண்டும்.

கவுன்சலிங்கின் தரத்தைக் கேஸ் நோட்டில் தேடாதீர்கள். "ஊக்கமளிக்கப்பட்டது" என்றுதான் எல்லாத் தாளிலும் இருக்கும். நோயாளியின் ஒப்புதலோடு ஒலிப்பதிவு எடுத்து, 20 நிமிடத் துண்டு ஒன்றை மேற்பார்வையாளர் கேட்க வேண்டும். மாறுவதற்கான காரணத்தை நோயாளியையே சொல்ல வைக்கும் ஊக்க நேர்காணல் முறைக்கு மிட்டி என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது (நோயாளி சொன்னதைப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்வது) இருந்தால் பரவாயில்லை, இரண்டு இருந்தால் நல்லது என்பது அதன் கணக்கு. முதல் பதிவுகளில் கேள்வி, கேள்வி, அறிவுரை, கேள்வி என்றுதான் வரும். இதைச் சம்பள உயர்வோடு இணைத்தால் நல்ல அமர்வை மட்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கற்றுக்கொள்ள மட்டும் வையுங்கள்.

வரவேற்பறை

எல்லோருக்கும் நன்றி. வரைவுத் திட்டம் இது: முதல் மாதம் நடந்து பார்ப்பதும் 20 கேஸ் ஷீட் தணிக்கையும். இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்து எண்களும் வாராந்திர வரைபடத்தில். மூன்றாம் மாதம் படிவச் சுருக்கம், நினைவூட்டல் அழைப்பு, மாலை நேர அமர்வு மூன்றையும் சேர்த்துத் தொடக்கம். "85" விளம்பரத்திலிருந்து நீக்கம். சரியா?

அடித்தளம்

மூன்றையும் சேர்த்துத் தொடங்காதீர்கள். வருகை கூடினால் எதனால் என்று தெரியாது, குறைந்தாலும் தெரியாது. முதலில் நினைவூட்டல் அழைப்பு மட்டும். அதுவும் எல்லோருக்கும் வேண்டாம்: ஒரே கவுன்சலர், ஒரு வாரம், அவருக்கு வரும் புது நோயாளிகள் மட்டும். முந்தின நாள் மாலை அழைப்பு. வார முடிவில் நான்கு கேள்வி: எத்தனை பேரை அழைத்தோம், எத்தனை பேர் எடுத்தார்கள், எடுத்தவர்களில் வந்தவர் எத்தனை, எடுக்காதவர்களில் வந்தவர் எத்தனை? எடுக்காதவர்கள் அதிகம் என்றால் அடுத்த வாரம் நேரத்தை மாற்றுங்கள். அது பிடித்தபின் இரண்டாவது கவுன்சலர். நான்கு வாரத்தில் ஒரு மாற்றம் நிலைக்கும்.

நிலைத்ததும் அதை ஒருவருடைய பணிப்பட்டியலில் எழுதுங்கள், அவர் லீவு போட்டால் யார் என்பதையும். நல்ல மாற்றங்கள் பெரும்பாலும் சாவது இங்கேதான். ஆர்வமுள்ள ஒருவர் தானாகச் செய்துகொண்டிருப்பார், அவர் கிளம்பிய மறுவாரம் அழைப்பு நின்றிருக்கும், வரைபடம் இறங்கும்வரை யாருக்கும் தெரியாது.

இரவு ஷிஃப்ட்

அழைக்கும்போது மையத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. போனை மனைவி எடுக்கலாம், மேலதிகாரி எடுக்கலாம். "நாளை பத்து மணி சந்திப்பு, உறுதிப்படுத்த அழைத்தேன்", அவ்வளவே. மெசேஜ் அனுப்பினாலும் அப்படித்தான். எந்த எண்ணில், எந்த நேரத்தில், என்ன பெயர் சொல்லி அழைக்கலாம் என்று அட்மிஷன் தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கடப்பாரை

85-ஐ வெறுமனே நீக்கினால் "ஏன் எடுத்தீர்கள்" என்று குழு கேட்கும். அந்த இடத்தில் "இன்று அழைத்தால் எத்தனை நாளில் பார்ப்போம்" என்று போடுங்கள். போட்டபடி நடக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் போன் செய்து சரிபார்க்கலாம்.

பகுதியெண்

போடலாம், ஆனால் வரைபடம் மூன்று மாதம் அதே இடத்தில் நின்றபிறகு. இடைநிலை எண்ணைப் போடாதீர்கள். பாதிப் பேருக்கு அதைவிடத் தாமதமாகத்தானே கிடைக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு எந்த நாளுக்குள் கிடைக்கிறதோ அந்த எண்ணைப் போடுங்கள்.